சுருங்கிப்போன பனிமனிதன்

ஆம்பூரில் செருப்புக்கு மேல்தோல் தைக்கும் பட்டறைகள் எத்தனையோ உண்டு. ஒரே கூரையின் கீழ் பதினெட்டு மிஷின் ஓடவிட்ட பொம்பளை நான் ஒருத்திதான். படிப்பு மூன்றாம் வகுப்பு. முதல் மிஷினில் நான் கைவைத்ததே ஒரு பொம்மையால்தான்.

எங்கள் பள்ளிக்கூடத்துத் துரைசானியம்மாவின் தாயார் ஏதோ குளிர்தேசத்தில் இருந்தார். அவருக்கு அனுப்ப ஒவ்வொரு பிள்ளையும் வாழ்த்து அட்டை செய்ய வேண்டும், நடுவில் பனிமனிதன் இருக்க வேண்டும் என்று உத்தரவு. யாருடைய அட்டை தேறுகிறதோ அவளுக்குத் தையல் வகுப்பில் காலியாயிருந்த ஒரே இடம். அங்கே இருந்த தையல் கைமிஷின் மேல் எனக்கு உயிர்.

பனி என்றால் காலையில் பூசணி இலையில் நிற்கும் ஈரம்தான் எங்களுக்குத் தெரியும். அதில் ஆள் பிடிப்பது எப்படி? துரைசானியம்மா பலகையில் பெரிய உருண்டை மேல் சின்ன உருண்டை வரைந்து, தொப்பி போட்டு, "வெண்மையாயிருக்கும், குளிர்ந்திருக்கும், தொட்டால் வழுக்கும்" என்றார்.

எனக்கா தெரியாது? சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த ஆட்டுத்தோல்!

அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில், தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் எடுக்கும் அந்தத் தொட்டி வேலைதான். அடம்பிடித்து ஓரத்துண்டு ஒன்று கொண்டுவரச் செய்தேன்.

"காஞ்சா சுருங்கும் பாப்பா. ஆவாரம்பட்டைத் தண்ணி குடிச்சுப் பதமாகாத தோலு நம்ம பேச்சு கேக்காது."

"எல்லாம் கேக்கும். குடு நைனா."

வெட்டி, வஜ்ஜிரப் பசையில் ஒட்டி, கண்ணுக்கு இரண்டு மிளகு வைத்தேன். சனிக்கிழமை பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வைத்தேன். சாயங்காலம் பனிமனிதன் பாதியாகி, மஞ்சளித்து, விறைத்துக் கிடந்தான். அட்டை ஓடு மாதிரி வளைந்துவிட்டது. ஒரு கண்ணையும் காணோம். வேறு செய்ய அட்டையும் இல்லை, நேரமும் இல்லை.

திங்கட்கிழமை சர்ச் உபதேசியார் மகள் தலையணைப் பஞ்சில் கொழுகொழுவென்று ஒன்று செய்து வந்திருந்தாள். என்னுடையதை எட்டிப் பார்த்து, "இன்னாடி, உன் ஆளுக்கு மஞ்சக்காமாலையா?" என்றாள். வகுப்பே சிரித்தது.

துரைசானியம்மா அட்டையைக் கையில் வாங்கினார். "இவனுக்கு என்ன நேரிட்டது?"

வாய் மட்டும் என் பக்கம் நின்றது. "நம்மூரு வெயிலு ஜாஸ்திம்மா. உருகிட்டான்."

அவர் சிரிக்கவில்லை. அட்டையை முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். வெள்ளைக்காரர்களுக்குப் பிடித்துப்போனால் முத்தம் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"மெய்தான். பனிமனிதன் உருகவே செய்வான்" என்று சொல்லித் தையல் வகுப்புக்கு என் பெயரை எழுதினார். அட்டையை உறையில் போட்டதை நான் பார்க்கவில்லை. போட்டிருப்பார் என்று வைத்துக்கொண்டேன்.

"என் பொம்மைக்கு முத்தமே குடுத்துட்டாங்க, பாத்தியாடி?" என்று உபதேசியார் மகளிடம் அன்றே கேட்டுவிட்டேன். துரைசானியையே ஏமாற்றியவள் என்று அப்புறம் நாற்பது வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் என் பட்டறைக்குச் சரியாகப் பதப்படாத தோல் ஒரு கட்டு வந்தது. பிரித்ததும் என் கை தானாக ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோயிற்று. கண்ணை மூடி முகர்ந்தேன். துரைசானியம்மாவும் அன்று அட்டையை இப்படித்தான் பிடித்தார்.

அந்த அம்மாவின் பங்களா தோல் ஷாப்புக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. பதினாறு வருஷம் அந்த வாடையில் குடியிருந்தவர்.