வில்லியம் வெட்டாத வாய்க்கால்

மே மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, மெல்பேர்ணின் நோபல் பார்க்கிலிருந்து தெற்கு கிப்ஸ்லாந்து மலைப்பக்கம் போய் வந்தோம். நான், கணவர் குகன், மகள் அபி. என்னோடு பல் மருத்துவமனையில் வேலை செய்யும் ஹெலனின் குடும்பப் பண்ணையில், ஆண்டுக்கு ஒரு ஞாயிறு யாரும் வந்து உருளைக்கிழங்கு கிண்டி எடுத்துப் போகலாம். அதற்குத்தான் போனோம் என்று எல்லோருக்கும் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. வீட்டில் அப்பாவும் மகளும் இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அபியோ ஜூன் மாதம் வேலைக்காகச் சிட்னிக்குக் குடிபோகிறாள். இருவரையும் ஒரே காருக்குள் மூன்று மணி நேரம் இருத்தினால் ஏதாவது பேசத்தானே வேண்டும்?

சண்டை சின்ன விஷயத்தில் தொடங்கியது. போவதற்கு முன் பின்வளவில் ஒரு தேசிமரம், அதாவது எலுமிச்சை, நட்டுவிட்டுப் போக அபி ஆசைப்பட்டாள். "அப்பா, குழியை மட்டும் வெட்டித் தாங்கோ" என்று கேட்டாள்.

"சாடியில வைப்பம்" என்றார் இவர்.

"மரத்தை ஆராவது சாடியில வைப்பினமா? ஃபைவ் மினிட்ஸ் வேலை, அப்பா."

இவர் உள்ளே போய்விட்டார். அவள் தனியே வெட்டி, உள்ளங்கை கொப்பளித்து வந்து நின்றாள். எங்கள் வீட்டில் கத்தரி, மிளகாய், வெண்டி எல்லாமே சாடியில்தான் வளர்கின்றன. முதுகுவலிக்காரர், குனிய முடியாது என்றுதான் இருபத்துநாலு வருடமாக நான் நினைத்திருந்தேன்.

காலை எட்டரைக்கு வெளிக்கிட்டோம். அபிதான் ஓட்டினாள். கிரான்பர்னைத் தாண்டும்வரை வழக்கமான ஞாயிறு. கூ வீ ரப்பின் சமதரையில் மூடுபனி இறங்கி, வேலிகளும் மாடுகளும் பாதி உருவமாகத் தெரிந்தன. மாடுகளின் கால்கள் தெரியவில்லை. பழுப்பு முதுகுகள் பாலில் மிதப்பதுபோல் நகர்ந்தன. லாக் என்ற சிற்றூருக்குப் பிறகு மலைகள். மலை என்றால் பாறையும் உச்சியும் இல்லை. போர்வைக்குள் யாரோ புரண்டு படுத்த மாதிரி, மடிப்பு மடிப்பாகப் பச்சை. காருக்குள் ஒருவரும் கதைக்கவில்லை. பனி எல்லாச் சத்தத்தையும் குடித்துவிட்டது போலிருந்தது.

கொரம்பராவில் பெற்றோல் நிரப்பினோம், முப்பத்தொரு டொலர். அங்கிருந்து பதினாலு கிலோமீற்றர் உள்ளே போகவேண்டும். பண்ணையின் பெயரையோ ஊரின் பெயரையோ எழுத வேண்டாம் என்று ஹெலன் கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிடுகிறேன். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது ஐம்பத்தைந்து.

ஹெலன் சேற்றுச் சப்பாத்தோடு ஓடிவந்து கட்டிப்பிடித்தார். தேத்தண்ணியும் ஜாம் தடவிய ஸ்கோனும் தந்தார், ஆளுக்கு எட்டு டொலர். பழைய மரவீட்டின் சுவரில் ஒரு படம் இருந்தது. நரைத்த தாடி, கதிரையில் நேராக இருக்கும் உடம்பு, கமராவைப் பார்க்காமல் எங்கோ பக்கவாட்டில் பார்க்கும் கண்கள். ஹெலனின் பாட்டனாருக்குத் தகப்பன். பெயர் வில்லியம்.

இங்கிலாந்தின் ஒரு கிராமத்திலிருந்து இளவயதில் பட்டாளத்தில் சேர்ந்தவர் அவர். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதுகளில் கிரிமியப் போருக்கு அனுப்பப்பட்டார். செவஸ்தபோல் நகரை முற்றுகையிட்டபோது, ஒரு முழுக் குளிர்காலம் பதுங்குகுழிகளில் கிடந்தார். பனியில் இரண்டு கால்விரல்கள் போயின. பிறகு கப்பலேறி மெல்பேர்ண் வந்து துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். நாற்பது வயது கடந்தபின், காட்டை வெட்டிக் குடியிருப்பவருக்கே நிலம் என்று அரசாங்கம் சொன்னபோது இந்த மலைக்கு வந்தார். அதற்கு முன்னரும் இங்கே மக்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றித் தன் குடும்பத்தில் ஒருவரும் ஒன்றும் எழுதிவைக்கவில்லை என்று ஹெலன் தலைகுனிந்து சொன்னார்.

வில்லியமின் மனைவி பிரிட்ஜெட், அயர்லாந்திலிருந்து வீட்டுவேலைக்கு வந்தவர். ஆறு பிள்ளைகள். ஐந்து பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் அடங்காத மரங்களை வில்லியம் கோடரியால் சாய்த்தார். இரவிரவாகக் கன்று ஈனும் மாட்டோடு இருந்தார். பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டார். நல்ல மனிதர் என்று அயலெல்லாம் பேசிக்கொண்டது.

பத்தே முக்காலுக்குக் கிழங்குத் தோட்டத்துக்கு இறங்கினோம். பனி மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது. மண் கருஞ்சிவப்பாக, ஈரமாக, ரொட்டி மணம் போன்ற ஒரு வாசத்தோடு கிடந்தது. தோட்டத்தின் ஓரமாக ஒரு வாய்க்கால் வளைந்து வளைந்து ஓடையை நோக்கிப் போனது. வாளி ஒன்று பத்து டொலர், நிரம்பும்வரை எடுக்கலாம். ஹெலன் நாலு பல்லுள்ள கிண்டும் கருவியை எடுத்து, சிரித்தபடி இவரிடம் நீட்டினார்.

இவர் கை நீட்டவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தார். "நான் பொறுக்கிறன்" என்று வாளியை எடுத்துக்கொண்டார்.

"அப்பா, சீரியஸ்லி?" என்றாள் அபி. "எல்லாரும் பாக்கினம்."

ஹெலன் இவரின் முகத்தை ஒருகணம் பார்த்தார். கருவியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். "விடு, அபி. வில்லியமும் இதைத் தொடமாட்டார்" என்றார். ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் தருகிறேன்.

வாய்க்கால் கரையில் நின்றபடியே மிச்சக் கதையைச் சொன்னார். இந்த மலையில் மழை நிற்காது. வாய்க்கால் வெட்டாவிட்டால் கிழங்கு அழுகிப்போகும். எல்லா வேலையும் செய்த வில்லியம், மண்ணை ஆழமாக வெட்டும் வேலையை மட்டும் தொடவில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் பிரிட்ஜெட்தான் வெட்டினார், வயிற்றில் பிள்ளையோடும்கூட. பிள்ளைகளுக்கு வெட்கம். மூத்தவன் ஜேம்ஸுக்குப் பதினேழு வயதான வருடம், மழையில் நனைந்து வெட்டிக்கொண்டிருந்த தாயின் கையிலிருந்து மண்வெட்டியைப் பறித்துத் தகப்பனின் காலடியில் எறிந்தான். "ஒருநாளாவது வெட்டு" என்று கத்தினான். வில்லியம் குனிந்து அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனார். மறுநாள் காலை ஜேம்ஸ் நடந்தே ரயிலடிக்குப் போனான். சிட்னியில் கப்பல் பட்டறையில் வேலை. திரும்பி வரவே இல்லை.

வில்லியம் இறந்தபின் பிரிட்ஜெட் மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதைச் சிட்னிச் சொந்தக்காரர் பத்திரமாக வைத்திருந்து, போனவருடம்தான் ஹெலனுக்குப் பிரதி அனுப்பினார்கள். கடிதத்தில் இருந்தது இதுதான்: முற்றுகையின்போது பதுங்குகுழியின் சுவர் சரிந்து வில்லியமின் தோழன் புதைந்துவிட்டான். வில்லியம் மண்வெட்டியால் அவசர அவசரமாகத் தோண்டியிருக்கிறார். ஓரிடத்தில் மண்வெட்டி மண்ணல்லாத ஒன்றில் பட்டது. தோழனைக் கொன்றது மண்ணா, தன் மண்வெட்டியா என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அபி வாய்க்காலைப் பார்த்தபடி நின்றாள். இவர்தான் கேட்டார், தன் உடைந்த ஆங்கிலத்தில்: "மனைவிக்கு எப்போது சொன்னார்?"

"திருமணத்துக்கு முன்பே. 'நீங்கள் மரத்தைப் பாருங்கள், மண்ணை நான் பார்க்கிறேன்' என்றாராம் பிரிட்ஜெட். பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது என்பது வில்லியம் கேட்ட வாக்குறுதி."

இவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

மதியம் ஒன்றரைக்குப் புறப்பட்டோம். கொரம்பராவைத் தாண்டுமுன், முன்சீற்றில் இருந்தவர் சாலையைப் பார்த்தபடி கதைக்கத் தொடங்கினார். ஊரில் பிளேன் வந்து குண்டு போட்ட காலம். வீட்டுக்கு வீடு பங்கர் என்ற பதுங்குகுழி. பதினெட்டு வயதுப் பெடியன் இவர். நல்லாக வெட்டுவார் என்று எல்லோரும் கூப்பிடுவார்களாம்.

"பதினொரு பங்கர் வெட்டினனான். என்ர சிநேகிதன் ரூபன் வீட்டில வெட்டினது கடைசி. அவனும் நானும் ரெண்டு நாளா வெட்டினம். நான் சாப்பிட வீட்ட வந்தனான். அவன் அதுக்குள்ளதான் ஓடி இருந்திருக்கிறான். குண்டு அதுக்கு மேலயே விழுந்திட்டுது. எடுக்க ஏலாமப் போச்சு. வெளியில கொண்டுபோய் அடக்கம் செய்யவும் விடேல்ல, திரும்பவும் பிளேன். வெட்டினதை நானே மூடினனான்."

அபியின் கைகள் ஸ்டியரிங்கில் இறுகியிருந்தன. "ஏன் அப்பா எனக்குச் சொல்லேல்ல?"

"உனக்கு எதுக்கு அதெல்லாம் எண்டு நினைச்சன்."

"நான் நினைச்சன் உங்களுக்கு நான் போறது... யூ டிடின்ட் கேர் எண்டு."

"விசர்ப்பிள்ளை" என்றார் இவர். கண்ணாடிக்கு வெளியே மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைந்துகொண்டிருந்தன. பின்சீற்றில் இருந்த நான் அவரின் தோளில் கை வைத்தேன். பிரிட்ஜெட்டுக்குத் திருமணத்துக்கு முன்பே சொல்லப்பட்டது எனக்கு ஏன் இத்தனை வருடம் சொல்லப்படவில்லை என்று கொஞ்சம் நொந்தது உண்மை. நானும் கேட்கவில்லை என்பதும் உண்மை. முதுகுவலி என்பது எனக்கும் வசதியான பதிலாக இருந்திருக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில விபரங்கள். கொரம்பரா, லியோன்கதா பக்கங்களில் இலையுதிர்காலத்தில் இப்படிச் சில பண்ணைகள் திறந்திருக்கும். முன்கூட்டியே அழைத்துக் கேளுங்கள். ரப்பர் சப்பாத்து கட்டாயம். மே மாதத்தில் மூடுபனி பதினொரு மணிவரைகூட நிற்கும், முன்விளக்கைப் போட்டு மெதுவாகப் போங்கள். கொரம்பராவுக்குப் பிறகு தொலைபேசி வலையமைப்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.

நோபல் பார்க்கிலிருந்து நெடுஞ்சாலை வழியாக நூற்றுநாலு கிலோமீற்றர், ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். திரும்பும்போது கார் அந்த நெடுஞ்சாலையில் ஏறவில்லை. சந்தியில் அபி வேகத்தைக் குறைத்தாள், கண்ணாடியில் என்னைப் பார்த்தாள், பேசாமல் வொந்தாகி பக்கமாகத் திருப்பினாள். கடலோரமாக வந்தால் நாற்பது கிலோமீற்றர் கூட. காருக்குள் யாராவது கதைக்கத் தொடங்கியிருந்தால் இந்த வழியையே பரிந்துரைக்கிறேன். கில்குண்டாவில் சாலையை ஒட்டியே கடல் வந்துவிடும், நிறுத்த இடமும் உண்டு. நாங்கள் அங்கே ஒரு மணி நேரம் நின்றோம். "ரூபன் அங்கிள் எப்படி ஆள், அப்பா?" என்று அபி கேட்டாள். அவன் விக்கெட் கீப்பராம். பந்து பிடிபட்டதோ இல்லையோ, ஒவ்வொரு பந்துக்கும் அவுட் கேட்டுக் கத்துவானாம். அந்தக் கத்தலை இவர் கடலைப் பார்த்து ஒருமுறை கத்திக் காட்டினார். பக்கத்தில் நின்ற நாய் குரைத்தது. அபி சிரித்து, இன்னொருமுறை என்றாள்.