கூடத்துக்கு வந்த இரண்டாவது பெட்டி

செஞ்சியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவிக்குக் கீழே ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர் இருக்கிறது. படம் பார்க்க மட்டுமே அது. மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக வேலை பார்க்கும் என் கணவர், விடுப்பில் வந்த ஒரு கோடையில் ஒவ்வொரு பாகமாக வரவழைத்து, கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, நான்கே நாளில் அதைச் சேர்த்துக் கட்டினார். உள்ளே இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்க். எங்கள் கல்யாண வீடியோ, மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள், மாமனாருக்குப் பிடித்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் எல்லாம் அதில் அடுக்கடுக்காக இருந்தன. மாமனாருக்கென்று, கணவர் அவரைக் கூப்பிடுவது போலவே ‘நைனா’ என்று ஒரு ஃபோல்டர்.

லீவு முடிந்து அவர் திரும்பிப் போனார். கம்ப்யூட்டரின் சாவி மட்டும் அவரிடமே இருந்தது என்று சொல்லலாம். அங்கிருந்தபடியே இங்கே இருப்பதை இயக்க ஒரு ஏற்பாடு செய்துவைத்திருந்தார். எங்களுக்குச் சத்தம் வரவில்லை என்றால் போன் செய்வோம். சற்று நேரத்தில் டிவித் திரையில் மவுஸ் அம்பு தானாக நகரும். ஒரு ஜன்னல் திறக்கும், மூடும், சத்தம் வந்துவிடும். முதல் மாதத்தில் மகள் அதைப் பார்த்துக் கை தட்டினாள். நானும் சிரித்தேன்.

போகப் போக நாங்கள் கூப்பிடாமலும் அம்பு வரத் தொடங்கியது. மாலையில் பள்ளியிலிருந்து வந்து, முகம் கழுவி, டீ டம்ளரோடு சோபாவில் சாய்ந்து ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பேன். திரையின் ஓரத்தில் அது எட்டிப் பார்க்கும். அங்கே கேமரா எதுவும் கிடையாது, அவருக்கு நான் தெரியமாட்டேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவேன். என் வீட்டுக் கூடத்திலேயே எனக்கு உட்காரப் பிடிக்காமல் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மஸ்கட்டில் ஞாயிறு வேலை நாள். மாமனார் சாப்பிட்டுவிட்டு அவருடைய பழைய படம் ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு பாதியில் நின்றது.

“ஏம்மா, அம்பு வந்துடுச்சு,” என்று மாமனார் கூப்பிட்டார்.

நான் போய்ப் பார்ப்பதற்குள் படம் மூடப்பட்டு, நீலத் திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. போன் அடித்தது.

“அப்டேட் ரொம்ப நாளா நிக்குது. இப்பதான் எனக்குச் சாப்பாட்டு டைம் கெடச்சுது. யாரும் கை வைக்காதீங்க,” என்றார் கணவர்.

“மாமா படம் பாத்துக்கினு இருந்தாருங்க.”

“அஞ்சு நிமிஷம். சொல்லு நைனா கிட்ட.”

அஞ்சு நிமிஷம் முக்கால் மணி நேரமானது. மாமனார் நீலத் திரையைப் பார்த்தபடி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீ குடிக்கப் போய்விட்டார். அடுத்த நான்கு நாளும் அவர் டிவி முன்னால் வந்து உட்காரவே இல்லை. ஐந்தாம் நாள் நானாகவே கேட்டேன்.

“எதுக்கும்மா,” என்றார். “அவன் வேல செய்றப்ப நடுவுல நான் எதுக்குக் குந்திக்கினு.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகத்தான் சொன்னார். சொந்த ஊரான தொண்டூரில் இருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, முழங்கால் வலியோடு எங்களுடன் வந்து இருப்பவர். மத்தியானத்தில் ஒரு படம், அதைத் தவிர அவர் இந்த வீட்டில் எதையும் கேட்டதில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் படம் ஓடும் பெட்டி ஒன்றை வாங்கி, அந்தக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைப்பது. கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவரே தேர்ந்தெடுத்து, அவரே அனுப்பி, அவரே இயக்குவார்.

தேர்ந்தெடுப்பது இவ்வளவு பாடாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அவலூர்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குச்சி மாதிரி டிவிக்குப் பின்னால் செருகுவது ஒரு வகை, சின்ன டப்பா மாதிரி தனியாக வைப்பது ஒரு வகை. ஒன்றில் ஆப் எல்லாம் வேகமாகத் திறக்கும், ஆனால் கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தை எடுத்துக் காட்டுவதில் தகராறு. இன்னொன்று எல்லா வகைப் படத்தையும் காட்டும், ஆனால் நெட்டுக்கான லேன் கேபிள் செருக இடமில்லை. எங்கள் வீட்டில் கேபிள் இல்லாமல் ஆகாது. ரூட்டர் முன் அறையில் இருக்கிறது, நடுவில் கருங்கல் சுவர். அந்தச் சுவரைத் தாண்டி வைஃபை வருவதற்குள் படம் இரண்டு தரம் நின்றுவிடும்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆன்லைன் கடைக் கூடையில் போடுவேன். மேல்மலையனூர் கூட்ரோடு வருவதற்குள் எடுத்துவிடுவேன். வகுப்பில் பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போது என் விரல் மேசை மேல் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். பெட்டி வாங்குவதற்கா இத்தனை பதற்றம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

பக்கத்து வகுப்பு டீச்சர் சொன்னாள்: “ஒரு குச்சிய வாங்கிச் சொருவிட்டுப் போவியா, அதப் போயி பத்து நாளா பாத்துக்கினு இருக்க.”

அந்தச் சனிக்கிழமை பொறுக்க முடியாமல் பஜாரில் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் மாணவி ஒருத்தியின் அப்பா. பேர் போடாத ஒரு டப்பாவை எடுத்து வைத்தார்.

“இத எடுத்துக்கினு போங்க டீச்சர். எல்லாப் படமும் ஃப்ரீ. எந்த ஆப்புக்கும் காசு கட்டத் தேவல.”

“லேன் போர்ட் இருக்குதா?”

அவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இருக்குதே!” என்றார். அவருக்கே ஆச்சரியம்.

இருந்த ஆத்திரத்தில் வாங்கிவிட்டேன். வீட்டில் மாட்டிய ஒரு மணி நேரத்தில் அது தோசைக்கல் மாதிரி சுட்டது. படத்தின் நடுவில், எட்டு வயது மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பார்க்கக் கூடாத விளம்பரம் ஒன்று வந்து நின்றது. ரிமோட்டைத் தேடிக்கொண்டிராமல் நான் ஓடிப் போய் டிவியின் பிளக்கையே பிடுங்கினேன். மாமனார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை மாலை அதைத் திருப்பிக் கொடுத்தேன். “எல்லாருக்கும் நல்லாத்தான் டீச்சர் ஓடுது,” என்றார் கடைக்காரர். ஆனால் வாதாடவில்லை, வாங்கிக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில், எங்களுக்கு நிஜமாகவே என்ன வேண்டும் என்று எழுதினேன். மாமனார் கண்ணாடி இல்லாமல் பிடிக்கக்கூடிய, கொஞ்சம் பொத்தான்களே உள்ள ரிமோட். கேபிள் செருக இடம். கம்ப்யூட்டர் கட்டிக்காக்கும் படங்களைக் கேபிள் வழியாக எடுத்துக் காட்டும் திறமை. புதுப் படங்கள் வரும் ஆப்கள் முழுத் தெளிவோடு ஓட வேண்டும். கம்ப்யூட்டரில் அவை பிரவுசரில் மங்கலாகத்தான் ஓடின, அது அப்படித்தான் என்று இந்தப் பத்து நாளில் படித்திருந்தேன். எழுதி முடித்ததும் பார்த்தால், எல்லாம் பொருந்துவது ஒன்றே ஒன்றுதான். உடனே ஆர்டர் போட்டேன்.

அது வரவேண்டிய நாள் அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்ஸும் வேனுமாகச் செஞ்சியில் நான்கு பக்கமும் அடைத்துக்கொண்டது. டெலிவரிக்காரர் மூன்று முறை போன் செய்து, “மேடம், உள்ள வர முடியல, நாளைக்குக் கொண்டாரேன்,” என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, கூட்டத்துக்குள் புகுந்து, திண்டிவனம் ரோட்டில் அவர் வண்டி நிற்கும் இடத்துக்கே நடந்து போய் வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியவில்லை.

மாட்டி, பெயர் பதிந்து, ஆப் எல்லாம் இறக்கி முடித்தேன். எல்லாமே ஒரே ரிமோட்டில் ஓடியது. கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களைத் திறக்கப் போனபோதுதான் பாஸ்வேர்டு கேட்டது. எனக்குத் தெரிந்த ஆறேழு பாஸ்வேர்டும் போட்டுப் பார்த்தேன். எதுவும் எடுபடவில்லை. ‘நைனா’ ஃபோல்டர் பூட்டியே இருந்தது. நான் எந்தக் காரணத்துக்காகப் பெட்டி வாங்கினேனோ அது மட்டும் நடக்கவில்லை.

மறுநாள் மாலை கணவர் போன் செய்தார்.

“வீட்டு நெட்டுல புதுசா ஒன்னு தெரியுது. இன்னா அது?”

அவருக்கு அதுவும் அங்கிருந்து தெரியும் என்பதை நான் மறந்துவிட்டேன். “பெட்டி ஒன்னு வாங்கினேன். டிவிக்கு,” என்றேன்.

“நான் கட்டிக் குடுத்தது இருக்குது இல்ல? அதுக்கு மேல எதுக்கு இது?”

“அதுகூட இதுவும் இருக்கட்டும்னுதான்.”

“என்னக் கேட்டா நான் பாத்துச் சொல்லியிருக்க மாட்டனா? நான் இருக்கும்போது நீ எதுக்குக் கஷ்டப்படணும்?”

“நீங்க எங்கங்க இருக்கீங்க?” என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன கேட்டுவிட்டேன் என்று புரிந்தது. அந்தப் பக்கம் ஏதோ மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போன் அணைந்தது.

இரண்டு நாள் அவர் பேசவில்லை. நான் சாதம் வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் போனைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டேன். நான் சொன்னது தப்பில்லை என்று ஒரு நேரம் தோன்றும். ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும் கடிகாரத்தோடு, வெயிலில், மொட்டை மாடிகளில் ஏறி இறங்கும் மனிதனிடம் சொல்கிற வார்த்தையா அது என்று அடுத்த நேரம் தோன்றும்.  மகள், “அப்பா ஏன் பேசல?” என்று இரண்டு முறை கேட்டாள்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, அங்கே விடுமுறை. பள்ளியிலிருந்து வந்ததும் நானே கூப்பிட்டேன்.

“பாஸ்வேர்டு வேணும்,” என்றேன். “மாமா படம் தெறக்க மாட்டுது.”

“இரு, நான் உள்ள வந்து போட்டுடறேன்.”

“வேணாங்க. நீங்க சொல்லுங்க, நான் போடறேன்.”

“சரி, போடு,” என்றார். பிறகு எழுத்து எழுத்தாகச் சொன்னார். நான் ரிமோட்டில் ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தினேன். அதற்கு நேரமானது. கம்ப்யூட்டரில் எது ஓடினாலும் அவர் பார்த்துவிடுவார், இந்தப் பெட்டியில் ஓடுவது அவருக்குத் தெரியாது.

“இப்ப இன்னா தெரியுது?” என்றார்.

“சுத்துது.”

“இப்ப?”

“மூணு ஃபோல்டர் வந்திருக்குது.”

“பேரு படி.”

படித்தேன். தமிழில் இருக்கும் பேரெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. அதை எப்படி மாற்றுவது என்று சொன்னார், மாற்றினேன். “இப்ப இன்னா தெரியுது?” என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அத்தனை வருஷத்தில் இந்தக் கூடத்தில் என்ன நடக்கிறது என்று அவர் என்னைக் கேட்டது அன்றுதான். மாமனாரைக் கூப்பிட்டேன். ரிமோட்டைக் கையில் கொடுத்து, நடுப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். படம் ஓடியது. பாட்டுச் சத்தம் போனிலும் கேட்டிருக்கும்.

“நைனா பாக்கறாரா?”

“பாக்கறாரு.”

“மூஞ்சி எப்படி இருக்குது?”

“வாயத் தெறந்துக்கினு பாக்கறாரு,” என்றேன். அவர் சிரித்தார்.

நான் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். எதிரே தெரியும் கோட்டை மலையின் ராஜகிரிப் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலை இன்னும் கக்கிக்கொண்டிருந்தது. அங்கே நின்றுகொண்டு கேட்டேன், கூப்பிடாமலே ஏன் அடிக்கடி கம்ப்யூட்டருக்குள் வருகிறார் என்று.

“சாப்பாட்டு டைம்லயும், சாயந்திரம் ரூமுக்கு வந்தாலும் எல்லாரும் படுத்துக்குவானுங்க,” என்றார். “எனக்குத் தூக்கம் வராது. உள்ள வந்து நீங்க இன்னா பாத்தீங்க, பாப்பா எதுல நிறுத்தி வெச்சிருக்கான்னு பாப்பேன். வேல எதுவும் இல்லன்னா சும்மா ஒரு அப்டேட் போடுவேன்.”

“சொல்லியிருக்கலாமே.”

“இத எப்படிச் சொல்றது.”

எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலும் அடங்கவில்லை. அவருக்கு ஆறுதலாக இருந்தது எனக்குப் பாரமாக இருந்திருக்கிறது.  “பாக்கணும்னா போன் பண்ணுங்க. நான் சொல்றேன்,” என்று மட்டும் சொன்னேன்.

அப்போதுதான் அவர் விஷயத்துக்கு வந்தார். கம்பெனியில் இரண்டு வருஷத்துக்குப் புது ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாதமாகப் பையிலேயே வைத்திருக்கிறார். எங்களிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லையாம். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா?

நானும் ஒரு மாதமாக இதே கேள்வியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒப்பந்தம் முடியும் தேதி எனக்கும் தெரியும். அதைப் பற்றிக் கேட்க வேண்டிய நேரத்தில்தான் நான் லேன் போர்ட் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

“ரெண்டு வருஷம் என்னால முடியாதுங்க,” என்றேன்.

“வந்தா இங்க இன்னா வேல இருக்குது?”

“தெரியல. ஆனா ரெண்டு வருஷம் முடியாது.”

அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மறு வாரம் ஒரு வருஷத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். கம்பெனியில் அதற்கு எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. பாதிதான் கிடைத்தது என்று அன்றைக்கு அழுதேன். இப்போது அதில் நான்கு மாதம் போய்விட்டது.

கம்ப்யூட்டர் அதே இடத்தில் இருக்கிறது. படங்கள் அதில், பார்ப்பது பெட்டியில். மாமனார் மத்தியானத்தில் அவராகவே போட்டுக்கொள்கிறார், சில நாள் ஒரே படத்தை மூன்று தரம். கணவர் சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் போன் செய்கிறார். படத்தை நிறுத்தாமலேயே இருவரும் பேசுகிறார்கள். நேற்று நான் லீவில் வீட்டில் இருந்தேன். “எந்த சீன் ஓடுது நைனா?” என்று கணவர் போன் ஸ்பீக்கரில் கேட்டது சமையலறை வரை வந்தது. மாமனார் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டே நின்றதில் எனக்குக் கடுகு தீய்ந்துபோனது.