எல்லாருக்கும் இருபது மூச்சு

வேண்டாம் என்று சொல்லப் பயந்துதான் அவள் மாணவ செவிலியர் சங்கத்தின் செயலாளரானாள். பதவிக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு வழியில் வருவார்கள். இந்த வழியில் வந்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். கூட்டத்துக்குத் தாமதமாகப் போய் முன்வரிசையில் மாட்டிக்கொண்டாள். சங்கத் தலைவி நான்காம் ஆண்டு அக்கா. எல்லாரையும் அதட்டியே பேசியதால் 'மேஜர்' என்று பெயர் வாங்கியவள். அவள் இவளுடைய நோட்டை எட்டிப் பார்த்து, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, இவளையே செயலாளராகப் போட்டுவிடலாம் என்று அறிவித்தாள். இவள் வாயைத் திறப்பதற்குள் மொத்த அறையும் கைதட்டி முடித்துவிட்டது.

ஹாஸ்டலில் இவளுக்குச் சுண்டெலி என்று பெயர். யாராவது கதவைப் படீரென்று சாத்தினால் போதும், தூக்கிவாரிப்போடும். அப்பா டவுன் பஸ் டிரைவர், அம்மா வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுத் துணி தைப்பவள். மகளுடைய வெள்ளை யூனிஃபார்மை அம்மாவே தைத்து, அவள் இன்னும் வளரப்போகிறவள் மாதிரி ஓரத்தில் இரண்டு விரற்கடை மடித்து விட்டிருந்தாள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். சங்கம் என்றதும் அம்மா போனிலேயே பதறினாள்.

"உனக்கு எதுக்கும்மா அந்த வம்பெல்லாம்? குனிஞ்ச தலை நிமிராம நாலு வருஷத்தை ஓட்டிட்டு வந்து சேரு."

சுண்டெலிக்கும் அதுதான் ஆசை. ஆனால் விலகிக்கொள்கிறேன் என்று மேஜரிடம் போய்ச் சொல்ல வேண்டுமே, அதற்குப் பயந்தே பதவியில் ஒட்டிக்கொண்டாள். முதல் மூன்று மாதம் சங்கம் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை. கை கழுவுவது பற்றி ஒரு போஸ்டர், ஒரு ரத்ததான முகாம், ஹாஸ்டல் குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி ஒரு கடிதம். எல்லாவற்றையும் சுண்டெலி அழகாக எழுதி வைத்தாள். எழுதும்போது மட்டும் அவள் கை நடுங்காது.

வினை ஆண்கள் அறுவை வார்டில் இருந்தது. முப்பத்தெட்டுக் கட்டில்கள். மதியம் இரண்டு மணிக்கு ஸ்டாஃப் நர்ஸை ஆபரேஷன் தியேட்டருக்குக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் திரும்பி வரும் ஐந்து மணிவரை வார்டு இரண்டு மாணவிகளின் தலையில். ஒவ்வொருவருக்கும் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு நான்கையும் பார்த்து சார்ட்டில் ஏற்ற வேண்டும். இதில் மூச்சுதான் ஆளைக் கொல்லும் வேலை. ஒரு முழு நிமிஷம் நோயாளியின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குள் ஒருவர் வாந்தி எடுப்பார், ஒருவர் தண்ணீர் கேட்பார், ஒருவருக்கு டிரிப் நின்றுபோகும். ஆகவே அக்காமார்கள் தங்கைமார்களுக்கு ஒரு சுருக்குவழியைக் கைமாற்றி வந்தார்கள்: உயிரோடு இருக்கிறவருக்கெல்லாம் இருபது. கட்டிலின் காலடியில் நின்றபடியே இருபது என்று போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம், ஆனால் அதில் ஒருத்திகூடப் பெயிலானதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினேழாம் கட்டிலில் ஒரு சலூன்காரர் இருந்தார். வயிற்றில் அறுவை முடிந்து மூன்றாவது நாள். சுண்டெலி வழக்கம்போல் இருபது போட்டாள். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, இவர் எப்படி இருக்கிறார், வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாமா என்று கேட்டார். சுண்டெலி கையிலிருந்த சார்ட்டைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள். அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு போனார்.

நான்கு மணிக்கு டாக்டர் வந்தபோது சலூன்காரரின் உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டர் மூச்சை எண்ணிப் பார்த்தார். நாற்பது. சார்ட்டைப் புரட்டினார். இருபது. திடீரென்று மோசமாகியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, கட்டிலோடு தள்ளிக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினார். சுண்டெலியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்த மனிதரின் முகம் அவளுக்கு ஞாபகம் இருந்தது, போர்வையின் கட்டம் ஞாபகம் இருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியதா, எப்படி ஏறி இறங்கியது என்பது மட்டும் ஞாபகம் இல்லை. பார்த்திருந்தால்தானே.

மேஜருக்குச் செவ்வாய்க்கிழமை நடந்தது தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மாணவிகளை வார்டில் தனியாக விடுகிறார்கள், ஒருநாள் ஒரு உயிர் போகப் போகிறது. மதியத்துக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸ் வேண்டும் என்று மனு தயாரானது. முத்து முத்தான கையெழுத்தில் எழுதியது வேறு யார்? வெள்ளிக்கிழமை காலை இருவரும் பிரின்சிபால் அறைக்குள் நுழைந்தார்கள். மேஜர் பேசுவதற்கு, சுண்டெலி குறிப்பெடுப்பதற்கு.

பிரின்சிபால் முப்பது வருஷம் வார்டில் நின்றவர். குரலை உயர்த்தாமலே ஆளை நிமிர்ந்து நிற்க வைப்பவர். மனுவை முழுக்கப் படித்தார். அப்புறம் அலமாரியிலிருந்து அந்த வார்டின் சார்ட்டுகளை ஒரு கட்டாக எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மூணு மாசத்து சார்ட். ஒரு நேரம்கூட விட்டுப்போகலை. ரெண்டு பேரே இவ்வளவு ஒழுங்கா பார்க்கறப்போ நான் எந்த முகத்தோட இன்னொரு நர்ஸ் கேக்கறது?"

சுண்டெலி குனிந்து அந்தத் தாள்களைப் பார்த்தாள். முப்பத்தெட்டுக் கட்டில்களில் வந்து படுத்தவர்களெல்லாம் மூன்று மாதமாக ராணுவ அணிவகுப்பு மாதிரி ஒரே தாளத்தில் மூச்சு விட்டிருந்தார்கள். வார்டில் ஊறிய பிரின்சிபாலின் கண்ணுக்கு அது தப்பியிருக்குமா என்று அவள் பின்னாளில் நினைத்ததுண்டு. அன்றைக்கு அவ்வளவு தூரம் மூளை ஓடவில்லை. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது, தப்பித்து ஓடிவிடலாம். பேனா நகரவில்லை. வாயைத் திறந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பா பஸ்ஸை எங்கேயோ நிறுத்திவிட்டு இந்த அறைக்கு வந்து கைகட்டி நிற்பார். பேனாவை மூடினாள்.

"அது பொய், மேடம்."

மேஜையடியில் மேஜர் அவள் காலை மிதித்தாள். எது பொய் என்று பிரின்சிபால் கேட்டார். மூச்சுக் கணக்கு, நாங்கள் எண்ணுவதில்லை என்றாள் சுண்டெலி.

"நாங்கன்னா யாரு?"

அந்தக் கேள்வியில் ஹாஸ்டல் மொத்தமும் அவள் கண்முன் வந்து நின்றது.

"நான் மேடம். செவ்வாய்க்கிழமை பதினேழாம் கட்டிலுக்கு நான் எண்ணலை. பார்க்கக்கூட இல்லை."

ஒரு மணி நேரம் வெளியே நிற்கவைத்தார்கள். எல்லாரையும் மாட்டிவிட்டாய் என்று மேஜர் முதலில் சீறினாள், அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். தானும் இரண்டாம் ஆண்டில் அதே இருபதைத்தான் போட்டிருந்தாள். திரும்பக் கூப்பிட்டுத் தீர்ப்பைச் சொன்னார்கள். திங்கள்கிழமையிலிருந்து மதியத்துக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸ். சுண்டெலி ஆறு மாதம் திரும்பப் படிக்க வேண்டும், அப்பாவுக்குக் கடிதம் போகும். தலை தப்பியது என்று மூச்சு விடப்போனவளைப் பிரின்சிபால் நிறுத்தினார்.

"அவரோட வீட்டம்மா ஐசியு வாசல்ல உட்கார்ந்திருக்காங்க. அவங்ககிட்ட நான் சொல்லவா, நீ சொல்றியா?"

தானே சொல்வதாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இரண்டு மாடி ஏறுவதற்குள் மூன்று தடவை நின்றாள். திரும்பிப் போய்விடலாம் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றியது.

அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்து கணவரின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். காலையில்தான் சலூன்காரருக்கு மூச்சுக் குழாயை எடுத்திருந்தார்கள், இனி பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவளைப் பார்த்ததும் அந்த நல்ல சேதியைச் சொல்லிச் சிரித்தார். அதனால் இன்னும் கஷ்டமாகிப் போனது. நின்றபடியே, தரையைப் பார்த்தபடியே, சுண்டெலி எல்லாவற்றையும் சொன்னாள். அறைவார் என்று எதிர்பார்த்தாள். அறைந்திருந்தால் தேவலை.

அந்த அம்மா சட்டையை மடித்து முடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு அவருக்கு மூச்சு வாங்கினதை நான் பார்த்தேம்மா. எனக்கு நல்லாவே தெரிஞ்சுது. அதனாலதான் உன்கிட்ட கேட்டேன். நீ அந்த அட்டையைப் பார்த்துட்டு நல்லா இருக்கார்னு சொன்னே. படிச்ச பொண்ணு சொல்லுது, நமக்கென்ன தெரியும்னு கிளம்பிப் போயிட்டேன்."

கோபமில்லாத குரலில்தான் சொன்னார். கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார்கள். அவர் சட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.