தூங்குமூஞ்சி போர்டு

எண்பதுகளின் நடுவில், பிம்ப்ரியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கம்பெனியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்தோம். ஒரே பெட்டிக்குள் இரண்டு பிராசசர். இரண்டுக்கும் பொதுவாக ஒரு மெமரி. அவை அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் கெர்னல் என்ற அடிப்படை புரோகிராமை எழுதுவது என் வேலை. பாத்ரூமுக்கு அடித்துக்கொண்ட அறைத்தோழர்கள் இரண்டு பேரையே சமாதானப்படுத்தத் தெரியாதவனிடம் அதை ஏன் கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சர்க்யூட் போர்டுகளைச் செய்தவரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். கோர்படி ரயில்வே காலனிக்காரர். தாத்தா காலத்தில் பாளையங்கோட்டைப் பக்கமிருந்து வந்த குடும்பம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், ஆனால் வாயைத் திறந்தால் என்னைவிடச் சுத்தமான நெல்லைப் பேச்சு, நடுநடுவே இந்தி தூவி. அரசாங்கத் தொழிற்சாலை உத்தியோகத்தை, வீடே எதிர்த்து நிற்க, உதறிவிட்டு இங்கே வந்திருந்தார். அவருடைய பயிற்சிக்காலத்தை ஏற்கெனவே ஒருமுறை நீட்டியிருந்தார்கள். டெல்லியிலிருந்து பார்வையிட வருகிறவர்கள் முன்னால் மெஷின் ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் வீடு.

பிராசசர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதே போர்டில், கேஷ் என்று ஒரு குட்டி மெமரி உண்டு. பொது மெமரிக்குப் போய்வர நேரமாகும் என்பதால், அடிக்கடி தேவைப்படுவதன் நகலை அங்கே வைத்துக்கொள்ளும். ஒன்று பொது மெமரியில் எதையாவது மாற்றினால் மற்றதற்குச் சேதி போகாது. அது தன்னிடமுள்ள பழைய நகலையே நம்பிக்கொண்டிருக்கும். சேதி சொல்லும் சர்க்யூட்டை வைக்க எங்கள் போர்டில் இடமும் இல்லை, கம்பெனிக்கு மனமும் இல்லை. அதனால் அண்ணாச்சி முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ரெண்டும் தொடுத எதையும் கேஷ்ல ஏத்திராதவே தம்பி. அந்த இடத்தையெல்லாம் தனியா மார்க் பண்ணிரு. சமஜ் கயா?"

அப்படித்தான் செய்தேன். பொதுப் பட்டியல்களைத் தொடுமுன் ஒரு பூட்டுப் போடவேண்டும். பூட்டு திறந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அதைப் பூட்டுவதும் ஒரே ஆணையில், நடுவில் மற்ற பிராசசர் மூக்கை நுழைக்க முடியாதபடி நடக்கும். அதை ஒழுங்காகவே எழுதினேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த சொற்பக் காரியங்களில் அது ஒன்று.

ஆனால் மேனேஜர், இரண்டு பிராசசர் போட்டும் ஒன்றைவிட மெதுவாக ஓடுகிறதே என்று முகத்தைச் சுளித்தார். எனக்குப் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. அது எப்போதுமே கெட்ட சகுனம். பூட்டுத்தான் காவலுக்கு இருக்கிறதே, உள்ளே இருக்கும் பட்டியலைக் கேஷில் ஏற்றினால் என்ன என்று, டிஸ்க்கிலுள்ள காலி இடங்களின் பட்டியலை மார்க் பண்ணாத இடத்துக்கு மாற்றினேன். வேகம் கூடியது. மேனேஜர் முதுகில் தட்டினார். அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை.

அதற்குப் பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் மெஷின் உறைந்து நின்றது. டிஸ்க்கில் ஒரே இடம் இரண்டு பேருக்கும் கொடுக்கப்பட்டு, ஒருவர் ஃபைல் மற்றவர் ஃபைலுக்குள் கிடக்கும். என்ன நடக்கிறதென்று பார்க்க நான் நடுவில் பிரின்ட் வரிகளைச் சேர்த்தால் கோளாறு வரவே வராது. எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாதபோது ஜோக்கடிப்பது என் வழக்கம்.

"அண்ணாச்சி, மத்தியானம் சாப்பிட்டதும் உங்க போர்டு கண்ணசந்துருது. தூங்குமூஞ்சி போர்டு!"

எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். மேனேஜருக்கு அர்த்தம் சொன்னேன். அவர் அதை மராத்தியில் 'ஜோபாளூ' ஆக்கி மீட்டிங்குகளில் சொல்லத் தொடங்கினார். கொஞ்ச நாளில் அந்தக் கோளாறுக்கு அதுவே பெயர். பெயர் வைத்தபிறகு யார் குற்றம் என்று விசாரிக்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போனது.

அண்ணாச்சி மூன்று வாரம், மின்னலைகளைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் முன்னால் குனிந்தே கிடந்தார்.

"போர்டுல ஒண்ணும் இல்லவே. நீ உன் புரோகிராம் கோடை ஒருக்கா பாத்திரேன்."

"பாத்தாச்சு அண்ணாச்சி. கோடு எங்க தூங்கும்? அது என்ன குடும்பஸ்தனா?"

பார்க்கவில்லை. பார்த்ததாக நானே நம்பியிருந்தேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

கடைசியில், கேஷை நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்ப்போம் என்று யோசனை சொன்னதும் நான்தான். இரண்டு நாள் இருமல் தும்மல் இல்லாமல் ஓடியது. கேஷ் இருப்பது அவர் போர்டில், அதனால் குற்றம் போர்டுடையது என்று ஆனது. "அவுர் க்யா சாஹியே?" என்றார் மேனேஜர், இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்பதுபோல்.

அண்ணாச்சி என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "கேஷை நிறுத்தினா யார் தப்புன்னாலும் மறைஞ்சிரும்லா. இது சாட்சியாவே? நீ சொல்லு தம்பி, அவருக்குச் சொல்லு."

அன்றைக்கு அந்த அறையில் அது புரியக்கூடியவன் நான் ஒருவன்தான். நான் தோளைக் குலுக்கினேன்.

டெல்லிக்காரர்கள், கேஷ் இல்லாமல் ஊர்ந்த மெஷினைப் பார்த்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். மறுவாரம் அண்ணாச்சியை அனுப்பிவிட்டார்கள். குழுத் தலைவர் பதவி எனக்கு.

வேறொரு இன்ஜினியர் போர்டைப் புதிதாகச் செய்தார். இரண்டு மாதத்தில், கேஷை மறுபடி போட்டு ஓட்டியதும், அதே உறைதல். அன்று மத்தியானம்தான் என் கோடை அடுத்தவன் எழுதியதுபோல் வாசித்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பூட்டு சரியாக இருந்தது. பூட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போன பிராசசர்தான் தன்னிடமிருந்த பழைய நகலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரும்பாலும் அந்த நகலை வேறு ஏதாவது கேஷிலிருந்து வெளியே தள்ளிவிட்டிருக்கும். என் பிரின்ட் வரிகளும் அதைத்தான் செய்திருக்கின்றன. தள்ளாத நேரத்தில் விபத்து. திருத்தியது ஒரே ஒரு வரி.

மேனேஜரிடம் சொன்னேன். "சரியாகிவிட்டதா? அப்படியானால் இதைப் பற்றிப் பேசாதே" என்றார்.

கோர்படிக்குப் போனேன். அண்ணாச்சி வீட்டில் யாருடைய டிவியையோ பிரித்துப் போட்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"அப்போ என் போர்டு சரிதான்?"

"சரிதான் அண்ணாச்சி."

"வேற ஒரு இடத்துல வேலைக்குக் கூப்பிட்டிருக்கான். ஏன் அனுப்பினாங்கன்னு கேக்கான். நீ ஒரு தாள்ல எழுதிக் கொடுவே. மேனேஜர் வேண்டாம், உன் கையெழுத்து போதும்."

அவர் மனைவி, என் மதினி, அடுப்படியிலிருந்து, "தம்பி எழுதித் தராம இருப்பாங்களா?" என்றார்.

அறைக்குத் திரும்பி முதலில் எழுதியது வேடிக்கையாக இருந்தது. இரண்டாவதும். என்னை நானே கிண்டல் செய்துகொண்டால் கையெழுத்தின் கனம் குறையும் என்று நினைத்தேனோ என்னவோ. மூன்றாவதாக ஆங்கிலத்தில் ஒன்றை டைப் அடித்தேன். கோளாறு இரு தரப்பிலும் இருந்திருக்க வாய்ப்பு உண்டு என்று அதில் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு மறுபடி கோர்படிக்குப் போனேன். அண்ணாச்சி அதை இரண்டு முறை வாசித்தார். பழைய மடிப்பு பிசகாமல் மடித்து என் கையிலேயே வைத்தார்.

"இதைக் கொண்டுபோய்க் காட்டினா, நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா, லே."

அதுவரை 'வே'தான், என்னை அவர் மரியாதை குறைந்த 'லே' போட்டுப் பேசியதில்லை. மதினி டீ கொண்டுவந்து வைத்தார். வேறொரு தாள் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து, நாலு வரி நேராக எழுதியிருக்கலாம். நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.