நாலு இனத்துக்கு ஒரு தொண்டை

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்குக் 'கூட்டம்' என்று பெயர். "கூட்டம் வந்தாச்சா?" என்று யாராவது கேட்டால், அவள் ஒருத்தி வந்துவிட்டாளா என்று அர்த்தம். சந்தையில் கூச்சல் போடும் பெண்கள், தீப்பிடித்த வீட்டிலிருந்து ஓடும் பெண்கள், அரசன் வரும்போது வாழ்த்தும் பெண்கள் என்று பதினெட்டு வருடமாக எல்லாரும் அவள்தான். வசனம் என்று ஒரு வரி கிடைத்ததில்லை. அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்ததும் இல்லை.

இப்போது கிடைத்தது, அதுவும் ஒன்றுக்கு நாலாக. மாய உலகத்தில் நடக்கும் ஒரு வீடியோ கேம். குள்ளர் இனத்தில் இரும்படிக்கிறவள், அரக்கர் படைத்தலைவி, வனமாந்தரின் அரசி, பல்லி மனிதரின் வைத்தியச்சி ஆகிய நான்கு பேருக்கும் அவளே பேச வேண்டும். குள்ளச்சிக்குத் தாடையை நெஞ்சில் புதைத்துக்கொண்டாள். அரக்கிக்குக் கடைவாயில் ஒரு தக்கை. அரசி பேசும்போது குதிகால் தரையில் படாது. பல்லிக்காரிக்கு நாக்கு கீழ்ப்பல்லை விட்டு நகராது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பதிவு முடிந்ததும் இயக்குநர் ஒரு காரியம் செய்தாள். கேம் விளையாடியே பொழுதைக் கழிக்கும் ஐந்து பேரைக் கூட்டி வந்து, நான்கு குரலையும் போட்டு, எத்தனை பேர் பேசியிருக்கிறார்கள் என்று கேட்டாள். ஐந்து பேரும் "ஒருத்தர்தான்" என்றார்கள். எப்படித் தெரிந்தது என்று மட்டும் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை வேற அஞ்சு பேர வெச்சுக் கேட்போம் அக்கா," என்றாள் இயக்குநர். "அப்பவும் ஒருத்தர்னு சொன்னா, உங்களுக்கு ஒரு இனம்தான். மத்த மூணுக்கும் வேற ஆளப் போட்டுருவேன்."

ஒன்று போதுமே என்று நினைக்கிறவர்கள் பதினெட்டு வருடம் கூட்டமாக இருந்து பார்க்க வேண்டும். அவளுக்கு நாலும் வேண்டும்.

வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் போனை வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டாள். எதிரே மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார். மருமகள் செய்யும் எந்தக் காரியத்திலும் ஒரு சொட்டையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"நாலும் நீதான்," என்றார்.

"எப்படி அத்தை கண்டுபிடிச்சீங்க?"

"கோவம் வந்தா, வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி மூக்கால சர்ருனு ஒரு இழு இழுப்ப. இந்த நாலு பேரும் இழுக்கறாளுங்க. இருபத்திரண்டு வருஷமா அதக் கேட்டுத்தானே நானே சண்டைக்குத் தயாராவேன்!"

அவளுக்குச் சுருக்கென்றது. குரலை மாற்றியவள் மூச்சை மாற்ற மறந்திருந்தாள்.

அடுத்த மூன்று நாளும் நான்கு பேருக்கும் மூச்சு விடக் கற்றுக்கொடுத்தாள். குள்ளச்சி சுரங்கப் புழுதியில் வளர்ந்தவள், வாயால் அரை மூச்சுக்கு மேல் எடுக்கமாட்டாள். அரக்கி இருக்கிற காற்றையெல்லாம் வெளியே தள்ளிவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். அரசி எப்போது மூச்சு வாங்கினாள் என்று யாருக்கும் தெரியாது. அரசிக்கு என்ன அவசரம்? பல்லிக்காரி மட்டும் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே பேசினாள். அப்படிப் பேசிப் பழகியதில் இவளுக்கு இரண்டு தடவை தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. குளியலறையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக் கணவர் கதவைத் தட்டினார். "இருங்க, அரக்கி பேசிட்டிருக்கா," என்று பதில் வந்தது. அவர் திரும்பிப் போனார்.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் புதிதாகப் பேசிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை புதிய ஐந்து பேர் வந்தார்கள். நாலு பேர் "நாலு" என்றார்கள். ஐந்தாமவர் "அஞ்சு" என்று அடித்துச் சொன்னார். அரக்கிக்கு இரண்டு பேர் பேசியிருக்கிறார்கள் என்பது அவர் கட்சி.

"நாலும் உங்களுக்குத்தான் அக்கா," என்றாள் இயக்குநர். ஒலிப்பதிவாளர் எழுந்து நின்று கை தட்டினார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அதை அவள் மறைக்கவும் இல்லை. தெருமுனை வரைக்கும் அரசியைப்போலக் குதிகால் படாமல்தான் நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் போனை மாமியார் முன்னால் வைத்துப் புதிய பதிவைப் போட்டாள். மாமியார் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டார். குள்ளச்சி திட்டினாள், அரக்கி மிரட்டினாள், அரசி மறுத்தாள், பல்லிக்காரி எச்சரித்தாள். பதிவு நின்றது.

"எல்லாரும் நல்லாத்தான் பேசறாங்க," என்றார் மாமியார். "நீ எப்ப வருவ?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுகையை அடக்க மூக்கால் சர்ரென்று ஒரு இழு இழுத்தாள்.

மாமியார் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப எதுக்குடி கோவம்?"