ஈரச்சீலையோடு பார்த்த எடை

எங்க பொண்ணு பத்தாவது முடிச்ச வருஷம் விரதம் பிடிக்க ஆரம்பிச்சாள். மொதல்ல வெள்ளி. அப்புறம் கிருத்திகை, அமாவாசை, சனி. கடைசியில சாப்பிடுற கிழமையே இல்லாமப் போச்சு. கச்சிராயபாளையத்துல எல்லாரும் மெச்சினாங்க, எனக்கும் பெருமைதான். மாசவிலக்கு நின்னு போனப்பதான் பயந்தேன்.

கள்ளக்குறிச்சி டாக்டரம்மா, "சாப்பாட்டுக்குப் பயப்படுற நோய்ம்மா இது. வாராவாரம் எடை, நாடி, பிரஷர் பாக்கணும். எடை இன்னும் எறங்கினா ஆஸ்பத்திரியில சேக்கணும்" என்றார்.

அப்போ இடஒதுக்கீட்டுப் போராட்டம். ரோட்டுல புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தாங்க, பஸ் இல்லை. எடையாவது பாப்போம்னு, அவ மாரியம்மனை ஈரச்சீலையோடு சுத்தி முடிச்ச கையோடு, பக்கத்துல வேர்க்கடலை மூட்டை எடை போடுற மல்லாட்டை மண்டித் தராசுல அவளை ஏத்தினேன்.

"இன்னா அக்கா, பொண்ணையும் மூட்டையோட வித்துடப் போறியா?" என்றார் மண்டிக்காரர்.

எடை ஏறியிருந்தது. அங்கேயே கற்பூரம் ஏத்தினேன்.

வூட்டுல சீலையைப் பிழியும்போது அரை வாளி தண்ணி வந்தது. ஏறினது அந்தத் தண்ணியோட எடைதான். உலர்ந்த பாவாடை கட்டியும் அவ விரல் நீலமா, சில்லுனு இருந்தது. திரும்ப மண்டிக்கு இழுத்துக்கினு ஓடினேன். போன வாரத்தைவிட எடை கம்மி.

எங்க வூட்டுக்காரர் அவளை சைக்கிள்ல உக்கார வச்சுத் தள்ளினார். மரம் கிடந்த இடத்துல பசங்க மறிச்சாங்க.

"எங்க போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்குப்பா. பொண்ணு சாப்பிடல."

"நாங்களுந்தான் காலையில இருந்து சாப்பிடல" என்று ஒருத்தன் சிரிச்சான். அவ மொகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்னுடுச்சு. நாலு பேரா சைக்கிளோடு அவளை மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கி வச்சாங்க.

டாக்டரம்மா படுக்க வச்சு ஒருதரம், நிக்க வச்சு ஒருதரம் பிரஷர் பாத்தார். நாடியை ரொம்ப நேரம் பிடிச்சுக்கினு இருந்தார். "இதயம் மெதுவா அடிக்குது. இங்கயே இருக்கட்டும்."

கஞ்சி வந்தது. "இன்னிக்கு வெள்ளிம்மா" என்றாள்.

"உன் விரதத்தை இனி நான் பிடிக்கிறேன். அம்மன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ குடி."

அழுதுக்கினே அரை டம்ளர் குடிச்சாள். நர்சம்மா வந்து மறுபடி நாடி பிடிச்சாங்க. நான் அவங்க மொகத்தையே பார்த்துக்கினு நின்னேன்.