கண்ணாடிக்குப் போர்வை

பிள்ளைகளைத் தரையில் படுக்கப்போட்டுத் தூங்க வைத்துவிட்டு, அந்த டான்ஸ் டீச்சரும் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிறாளாம். பல் டாக்டரின் வரவேற்பறையில் ஓர் அம்மா இன்னோர் அம்மாவிடம் சொன்னது இது. அவருக்கு அவருடைய ஓரகத்தி சொன்னாராம். ஓரகத்திக்கு யார் சொன்னார்கள் என்று கேட்பது மரியாதை இல்லை. கண்ணும் மூக்கும் முளைத்து அந்தப் பேச்சு பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, டீச்சர் கையோடு தலையணையும் கொண்டுவருகிறாள் என்று ஆகியிருந்தது.

தலையணை இல்லை. போர்வைதான். நடனக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. வந்ததும் முதல் வேலையாக ஸ்டூல் மேல் ஏறி, வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய போர்வைகளை, துணி காயப்போடும் கிளிப்பால் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவாள். ஒன்றில் நீலப் பூக்கள். ஒன்றில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. பிள்ளைகள் வைத்த பெயர் போர்வை டீச்சர். அது அவளுக்கும் தெரியும். "நல்லவேளை, மூட்டை டீச்சர்னு வைக்கல" என்பாள்.

கண்ணாடியை மூட வைத்தது போன வருஷத்து ஆண்டு விழா. நடனத்தின் நடுவே, முன்வரிசைப் பெண்ணின் தலை கிளிப் கழன்று விழுந்தது. சட்டென்று குனிந்து எடுத்துத் தலையில் குத்திக்கொண்டாள். பின்னால் நின்ற அத்தனை பிள்ளைகளும் குனிந்தார்கள், இல்லாத கிளிப்பை எடுத்தார்கள், தலையில் குத்திக்கொண்டார்கள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தலைமையாசிரியை மேடைக்குப் பின்னால் ஓடிவந்து, "அந்தக் குனியற ஸ்டெப் பிரமாதம்! அடுத்த வருஷமும் வைங்க" என்றார். வருஷம் முழுக்கக் கண்ணாடியில் அந்த ஒருத்தியையே பார்த்து ஆடிய பிள்ளைகள். தங்களுக்கும் ஓர் உடம்பு உண்டு என்பதை மறந்துபோயிருந்தார்கள். அடுத்த வகுப்பில் போர்வை ஏறியது.

அதன்பிறகு வகுப்பு தரையில்தான் தொடங்குகிறது. பழைய மரப்பலகைத் தரை. பிள்ளைகள் தலை உள்பக்கம் இருக்கும்படி வட்டமாகப் படுத்துக் கண்களை மூடிக்கொள்வார்கள்.

"கோவம் முதல்ல எங்க வருது?"

"முகத்துல டீச்சர்."

"அது கடைசில. அதுக்கு முன்னாடி?"

எப்போதும் ஓரத்தில் ஒதுங்கி, சட்டையை வயிற்றுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே இருக்கும் பெண் ஒருத்தி சொன்னாள்: "கால் கட்டைவிரல்ல, டீச்சர். ஷூவுக்குள்ள சுருட்டிக்குது."

"எல்லாரும் சுருட்டுங்க பார்ப்போம்" என்றாள் டீச்சர். அன்றைய நடனமே அந்தக் கட்டைவிரலிலிருந்துதான் கிளம்பியது: முழங்கால், இடுப்பு, தோள், கடைசியில் முகம். அந்த வகுப்புக்குப்பின் அந்தப் பெண்ணின் கை சட்டை நுனியைத் தேடவில்லை. இந்த வருஷ விழா நடனமும் அதுதான். வட்டமாக ஆடுவது, கட்டைவிரல்காரிதான் தொடங்கிவைக்கிறாள்.

வகுப்புக்கு வெளியிலும் டீச்சரின் கண் சும்மா இருக்காது. பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவரிடம், "பையை அந்தத் தோளுக்கு மாத்துங்களேன், கழுத்து பாவம்" என்பாள். பல் தேய்ப்பது ஒற்றைக் காலில் நின்றுதான். பேருந்து ஓட்டுநரான கணவர் வேலை முடிந்து வாசல் ஏறும்போதே, "இன்னைக்கு யார்கிட்ட சண்டை? இடது தோள் காதுகிட்ட இருக்கு" என்று பிடித்துவிடுவாள். "உங்கிட்ட ஒரு பொய் சொல்ல முடியுதா? உடம்பே கோள் சொல்லுது" என்று அவர் அலுத்துக்கொள்வார்.

நேற்று தலைமையாசிரியை கூடத்துக்கு வந்தார். போர்வையின் நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"பெத்தவங்க வாசல்ல என்னென்னமோ பேசறாங்க. இந்தத் துணியை முதல்ல எடுங்க. பிள்ளைங்களை வரிசையா நிறுத்துங்க. அப்புறம்..." குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் பூசினாப்ல இருக்குமே, அந்தப் பொண்ணு. அவளைப் பின்னாடி ஓரமா விடுங்க. போட்டோ எடுக்கறாங்க பாருங்க."

"வரிசையே இல்லையே மேடம். வட்டமால்ல ஆடறாங்க."

"வட்டத்துல முன்பக்கம் எது?"

"நானும் அதத்தான் தேடிக்கிட்டிருக்கேன். கிடைச்சா சொல்றேன்."

தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்கு வகுப்பு நேரத்துல போன் பண்றேன். எல்லாம் மாத்தியாச்சுன்னு சொல்லுங்க. எடுத்துச் செய்ய வேற டீச்சர் ரெடியா இருக்காங்க."

"சரி" என்று டீச்சர் சொல்லவில்லை. ஷூவுக்குள் கட்டைவிரல் இரண்டும் சுருண்டுகிடந்தன.

சுற்றுவட்டாரத்தில் நடனம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் இது ஒன்றுதான். இந்த வேலை போனால், மறுபடியும் துணிக்கடையில் வாடிக்கையாளர் கலைத்துப்போட்டதை மடிக்கப் போகவேண்டியதுதான். கல்யாணமான நாளிலிருந்து நெடுங்காலம் அதைத்தான் செய்தாள். கணவருக்கு அந்தக் கவலை.

"'சரிங்க மேடம்'னு ஒரு வார்த்தை" என்றார் காலையில், குளியலறை வாசலில் நின்று. "சொன்னா வாய்ல இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

ஒற்றைக் காலில் நின்றபடி, வாய் நுரையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "சொல்லிப் பாத்துட்டேங்க. நாக்கு ஒத்துக்குது. முதுகு ஒத்துக்க மாட்டேங்குது."

இன்று வழக்கத்தைவிட ஒரு போர்வை கூடுதலாகக் கொண்டுவந்தாள். கண்ணாடியின் ஓரத்தில் தெரிந்துகொண்டிருந்த ஒரு விரற்கடை இடுக்கும் மறைந்தது. பிள்ளைகள் வட்டமாகப் படுத்தார்கள். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அப்போது பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். மேடம்.

போனைக் கவிழ்த்துத் தரையில் வைத்து, வெறுங்காலால் வட்டத்தின் நடுவுக்குத் தள்ளிவிட்டாள். மரப்பலகை உறுமத் தொடங்கியது.

"கண்ணைத் திறக்காதீங்க கண்ணுங்களா. எங்க கேக்குது?"

"காதுல டீச்சர்!"

"காதைத் தவிர?"

"முதுகுல" என்றாள் கட்டைவிரல்காரி. "தோளுக்கு நடுவுல எறும்பு ஓடற மாதிரி. இப்ப இடுப்புக்கு வருது, டீச்சர்."

"விடாதீங்க. எதுவரைக்கும் போகுதுன்னு பாருங்க."

போன் நின்றது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மறுபடியும் அதிர்ந்தது. போர்வை டீச்சர் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்த இடைவெளியில் மல்லாந்து படுத்து, கால்விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டுக்கொண்டாள்.